தொட்டி முக்கில் திரும்பிய வண்டி

கொளஞ்சிநாதன் எங்கள் வீட்டுப் பின்கட்டுக்குக் குடிவந்த அன்று, அவர் மனைவி அருக்காணி வந்தாள், ஒரு டிராக்டர் வந்தது, அதன் பின்னால் ஒரு நாலு சக்கர டிரெய்லர் வந்தது. அருக்காணிக்கு இடம் இருந்தது. டிராக்டரையும் வேப்பமரத்தடியில் எப்படியோ ஒடுக்கி நிறுத்திவிட்டோம். டிரெய்லர்தான் சந்துக்குள் திரும்பமாட்டேன் என்றது. கடைசியில் அதைக் கழற்றி, தெருவில் போனவர் வந்தவரையெல்லாம் கூப்பிட்டு, கையால் தள்ளித்தான் உள்ளே சேர்த்தோம். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வேடிக்கை பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு அலுவல் கிடையாது. அன்றைக்கு அந்த வேடிக்கையில் என் முதுகும் பிடித்துக்கொண்டது.

"எங்க ஊரு கழனியில இது எங்க வேணா திரும்பும்ங்க," என்றார் கொளஞ்சிநாதன், வேர்வையைத் துடைத்துக்கொண்டே.

கம்மாபுரம் பக்கத்து ஆள். அங்கே சுரங்கத்துக்கு நிலம் போனவர்களில் அவரும் ஒருவர். வீடு போனது, கிணறு போனது, நெல்லும் கரும்பும் விளைந்த கழனி போனது. மகளைப் பெண்ணாடத்தில் கட்டிக்கொடுத்துவிட்டதால் அந்தக் கவலை இல்லை. மிச்சம் நின்றவை டிராக்டரும் டிரெய்லரும்தான். ஊரைக் காலி செய்த மற்றவர்கள் அவற்றை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, பைக் வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். இவர் மட்டும் கழனி இல்லாத டிராக்டரை விருத்தாசலத்துக்கு ஓட்டிக்கொண்டு வந்தார். கழுதையை விற்றாலும் கயிற்றை விடாத ஆள் என்று நான் மனத்துக்குள் நினைத்துக்கொண்டேன். வெளியே சொல்லவில்லை, வாடகைக்கு வந்தவரிடம் முதல் நாளே வம்பு எதற்கு?

அந்த டிரெய்லரின் சங்கதியைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். பின் சக்கரங்கள் இரண்டும் அசையாமல் நேராகவே நிற்கும். முன் சக்கரங்கள் ஓர் இரும்பு வட்டத்தட்டின் கீழே மாட்டியிருக்கும். டிராக்டர் இழுக்கும் பக்கம் அந்தத் தட்டு திரும்பும், கூடவே சக்கரமும் திரும்பும். ஆனால் ஓரளவுக்குத்தான். அதற்கு மேல் ஒடித்தால், பெட்டியைத் தாங்குகிற நீளச் சட்டத்தில் டயர் போய் முட்டும். கர்ரென்று உரசும். பெட்டி ஒரு குலுக்குக் குலுக்கி நிற்கும். கரும்பு ஏற்றினவனுக்கு இது ஒரு குறையே இல்லை. கரும்பு குலுங்கினால் என்ன கெட்டுவிடப் போகிறது? திரும்ப இடம் போதாவிட்டால் கழனியையே ஒரு சுற்றுச் சுற்றி வரலாம். டவுனில் சுற்றுவதற்குக் கழனி கிடையாது.

வந்த கொஞ்ச நாளில் அருக்காணிக்கு வேலை கிடைத்துவிட்டது. பீங்கான் தொழிற்பேட்டைக்குப் பின்புறம் சூளைத் தெரு இருக்கிறது. அங்கே வீரம்மாள் என்று ஒரு அம்மாள் பொம்மை யூனிட் வைத்திருக்கிறாள். குயவர் குடும்பம். மாமனார் பானை செய்தவர். வீரம்மாள் அச்சில் மண்கூழை ஊற்றிக் கொலு பொம்மை வார்க்கிறாள். அச்சிலிருந்து எடுத்த பொம்மைக்கு இரண்டு பக்கமும் ஒட்டுத் தழும்பு இருக்கும். அதைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் நீவி எடுப்பது பெண்களின் வேலை. அருக்காணிக்குக் கை சீக்கிரம் பழகிவிட்டது. சுடாத சரக்கை அங்கே பச்சை என்பார்கள். பச்சை நன்றாகக் காய்ந்த பிறகு, தெருக்கோடியில் இருக்கும் பொதுச் சூளைக்குப் போகும். தெருவில் உள்ள எல்லா யூனிட்டுக்கும் அந்த ஒரு சூளைதான்.

அதுவரை பெண்கள்தான் பலகையில் பச்சையை அடுக்கித் தலையில் சுமந்து போவார்கள். நவராத்திரிக்கு முந்தைய மாதங்களில் கழுத்து ஒடிந்துபோகும். அருக்காணி வீரம்மாளிடம் சொன்னாள்: "யக்கா, எங்க வூட்டுக்காரருகிட்ட வண்டி ஒண்ணு சும்மா கெடக்குது. ஒரே நடையில மொத்தத்தையும் கொண்டாந்து எறக்கிடுவாரு."

வீரம்மாள் யோசித்தாள். "சரி, வரச் சொல்லு."

கொளஞ்சிநாதன் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு போனார். வைக்கோல் பரப்பி, அதன்மேல் பிள்ளையாரும் லட்சுமியும் யானையுமாக அடுக்கி, ஆமை வேகத்தில் ஓட்டினார். தெரு நடுவே மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி நிற்கிறது. ஒரு பக்கம் தொட்டியின் தூண், மறு பக்கம் ஒரு ரைஸ்மில்லின் மதில். அந்த முக்கில் திரும்பினால்தான் சூளை. திருப்பினார். டயர் சட்டத்தில் முட்டியது, பெட்டி குலுங்கியது, உள்ளே ஏதோ சடசடவென்று சாய்ந்தது. டிராக்டர் ஓட்டுகிற யாரும் செய்வதை அவரும் செய்தார். ரிவர்ஸ் போட்டுக் கொஞ்சம் பின்னால் எடுத்தார்.

அவ்வளவுதான். "ஐயையோ!" என்று தெருவே கத்தியது. யாரோ சக்கரத்தில் மாட்டிக்கொண்டார்கள் என்று பதறி அவர் கீழே குதித்தார். யாரும் மாட்டிக்கொள்ளவில்லை. வீரம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

சூளைத் தெருவில் ஒரு முறை உண்டு. சூளைக்குக் கிளம்பின பச்சை பின்னுக்கு வரக்கூடாது. ஓரடி பின்னால் வந்தாலும் அந்தச் சரக்கு சூளையில் வெடிக்கும் என்பார்கள். பெண்கள் தலையில் பலகையோடு போகும்போது எதிரே லாரி வந்தாலும் ஒதுங்கி நிற்பார்களே தவிரப் பின்வாங்கமாட்டார்கள். லாரிதான் பின்னால் போக வேண்டும், போகும். பின்னால் நகர்ந்தால் பச்சை ஆட்டம் கண்டு விரிசல் விடும், அதைத்தான் சாமி பேரில் சொல்லிவைத்தார்கள் என்று விளக்குகிறவர்களும் உண்டு. எது முதலில் வந்தது என்று எனக்குத் தெரியாது. கேட்டால் இரண்டு கட்சிக்காரர்களும் அடிக்க வருவார்கள்.

சூளை அடுக்குகிற குருமூர்த்தி கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். "பின்னால வந்த பச்சைய நான் அடுக்க மாட்டேன். ஒரு யூனிட்டு சரக்கு வெடிச்சா பக்கத்து யூனிட்டு சரக்கும் போயிடும். நாளைக்கு யாரு பதில் சொல்றது?"

"ஒரு முழம் நவுந்ததுக்கா, அண்ணே?" என்றார் கொளஞ்சிநாதன்.

"ஒரு முழமோ ஒரு மைலோ, பின்னால வந்தா வந்ததுதான்."

சரக்கு மொத்தமும் இறக்கப்பட்டு, தண்ணீரில் ஊறி, மறுபடியும் கூழாகப் போனது. அருக்காணி சீவி நீவின பொம்மைகளும் அதில் போயின. கூட வேலை பார்க்கிற பெண்கள் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்றாள் அவள் அன்று சாயங்காலம்.

பின்கட்டுக்கும் முன்கட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். ஒட்டுக்கேட்கவே வேண்டாம், தானாகக் காதில் விழும்.

"எந்தம்பி திருப்பூருல ரூம்பு பாத்து வெச்சிருக்கான். ரெண்டு பேருக்கும் பனியன் கம்பெனியில வேல. வண்டிய வித்துட்டுக் கெளம்பலாங்க."

"நவராத்திரி வரைக்கும் பாப்போம்."

"நவராத்திரி சரக்கு சூளைக்குப் போயி முடியற வரைக்கும். அதுக்குள்ள இந்தத் தெருவுல ஒங்க வண்டி நின்னுச்சுன்னா இருப்போம். இல்லாட்டி போயிடணும். வெறும் வண்டியக் கட்டிக்கிட்டு எத்தினி நாளைக்கு ஒக்காந்திருக்கறது?"

அவர் பதில் பேசவில்லை. அருக்காணி கெட்டவள் இல்லை. அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. மனிதர் அந்த ராத்திரி சாப்பிடாமல் படுத்தார் என்பது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் டிரெய்லரை ஜங்ஷன் ரோட்டில் உள்ள தர்மராஜ் வெல்டிங் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போனார். நானும் பின்னாலேயே போனேன். தர்மராஜ் நல்ல வேலைக்காரன், கொஞ்சம் வாய்த் துடுக்கு. டயர் உரசி உரசிப் பளபளத்துக் கிடந்த சட்டத்தைத் தடவிப் பார்த்தான்.

"சின்ன சக்கரம் போட்டா சட்டத்துக்கு அடியில பூந்து போயிடும். மினி லாரி சக்கரம் காயலாங்கடையில கெடைக்கும்."

கிடைத்தது. வண்டி அச்சில் சேர்கிற இடத்தை லேத்தில் கடைந்து முன்பக்கம் இரண்டையும் மாட்டினார்கள். பட்டறை வாசலிலேயே ஒரு ஒடிப்பு ஒடித்துப் பார்த்தார். டயர் சட்டத்துக்கு அடியில் நழுவிப் போனது. உரசல் இல்லை, குலுக்கல் இல்லை. கொளஞ்சிநாதன் முகத்தில் சிரிப்பை முதன்முதலாக அன்றுதான் பார்த்தேன். முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கிறது என்பதும் அன்றுதான் தெரிந்தது.

சிரிப்பு வீடு வரைக்கும் தாங்கியது. சந்தையிலிருந்து வந்த அருக்காணி, கையிலிருந்த பரங்கிக்காயைப் பெட்டியின் நடுவே வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றினாள். காய் உருண்டு போய் முன்பக்கத் தகட்டில் டொம்மென்று மோதியது. அருக்காணி குனிந்து பெட்டியைப் பார்த்தாள்.

"முன்னால எறங்கிப்போச்சுங்க. இதுல பொம்மைய வெச்சா மூஞ்சிய ஒடைச்சிக்கும்."

மறுபடியும் பட்டறை. "பின்னாடியும் சின்ன சக்கரமே போட்டுடுங்க. பெட்டி மட்டமா ஒக்காந்துடும், சோலி முடிஞ்சுது," என்றான் தர்மராஜ்.

"அது வேணாம். பெட்டி ரொம்பத் தாழ்ந்துடும். கழனியில எறங்குனா சேத்துல ஒக்காந்துக்கும்."

"எந்தக் கழனியில?"

கேட்ட பிறகுதான் தர்மராஜுக்கே உறைத்தது. வெல்டிங் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, பற்றவைக்க ஒன்றும் இல்லாத இடத்தில் எதையோ தேடினான். கொளஞ்சிநாதன் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அந்த இடத்தைவிட்டு எழுந்து போய்விடலாம் போல இருந்தது. தர்மராஜே கண்ணாடியைக் கழற்றினான்.

"அப்ப முன்னாடி தூக்கிடலாம். வட்டத்தட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவுல சேனலு வெச்சு பொட்டியாட்டம் கட்டிடறேன். பெட்டி பழைய ஒசரத்துக்கே வந்துடும்."

கனமான இரும்புச் சேனலை அறுத்து, நாலு பக்கமும் முட்டுக்கொடுத்து, முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்தினான். இப்போது டயருக்கும் சட்டத்துக்கும் நடுவே கையை முழங்கை வரை விடலாம். சக்கரம் வண்டிக்குக் குறுக்கே நிற்கும் வரைக்கும் திருப்பிப் பார்த்தோம். எங்கேயும் தொடவில்லை. இழுவைக் கம்பியை மட்டும் கொஞ்சம் கீழே வளைத்து, டிராக்டரின் கொக்கிக்குச் சரியாக வைத்தான்.

மட்டம் பார்க்க வேண்டுமே? கொத்தனார் வைத்துப் பார்க்கும் ரசமட்டம் ஒன்று தர்மராஜிடம் இருந்தது. எடுத்து நீட்டினான். கொளஞ்சிநாதன் வாங்கவில்லை.

"தண்ணியவிட மட்டம் காட்டறது ஒண்ணு இருக்குதா?"

வீட்டுக்கு வந்தார். குடத்துத் தண்ணீரைப் பெட்டித் தகட்டின்மேல் ஊற்றினார். குந்தி உட்கார்ந்து பார்த்தார். தண்ணீர் எந்தப் பக்கமும் ஓடாமல் பரந்து நின்றது. நடவுக்கு முன்னால் பரம்படித்த கழனியைப் பார்க்கிறவர் போல அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விளக்குமாற்றால் தள்ளித் துடைத்து, புது வைக்கோலைத் தாராளமாகப் பரப்பினார்.

மறுநாள் காலை வீரம்மாள் பச்சையை ஏற்றச் சொன்னாள். கொலு பொம்மையில் அந்த வருஷத்துக்குக் கேட்டு வந்த பெரிய சரக்கு அது. அருக்காணி கெஞ்சிக் கேட்டதற்காகத்தான் இன்னொரு தடவை ஒத்துக்கொண்டாள். வண்டி தொட்டி முக்குக்கு வந்தது. டிராக்டர் ஒடிந்தது, டிரெய்லர் அதன் பின்னாலேயே வளைந்தது. தூணையும் உரசவில்லை, மதிலையும் தொடவில்லை. ஒரே வீச்சில் திரும்பிச் சூளை வாசலில் போய் நின்றது. வழிநெடுக நின்ற பெண்கள் கை தட்டினார்கள். குருமூர்த்தியே, "பரவால்லியே!" என்றார். அருக்காணியின் முகத்தைப் பார்க்க வேண்டும், தேர் நிலைக்கு வந்தது போல ஒரு நிறைவு.

இறக்கத் தொடங்கினார்கள். முதல் பிள்ளையாரை குருமூர்த்தி தூக்கினார். பிள்ளையார் வந்தார், அவர் பீடம் வைக்கோலோடு தங்கிவிட்டது.

அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். தகட்டு மூட்டுகளிலும் பள்ளங்களிலும் தங்கியிருந்த தண்ணீரை வைக்கோல் ராவெல்லாம் குடித்து வைத்திருந்தது. காய்ந்த பச்சை ஈரத்தைக் கண்டால் சர்க்கரையாகக் கரையும். இது அந்தத் தெருவில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். கொளஞ்சிநாதனுக்கு எப்படித் தெரியும்? அவர் பிறந்ததிலிருந்து மண்ணுக்குத் தண்ணீர் பாய்ச்சியே வளர்ந்தவர். தண்ணீரால் மண்ணுக்குக் கெடுதல் வரும் என்று அவர் கண்டதே இல்லை.

வீரம்மாள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நாலு வார்த்தையோடு போயிருக்கும். "ஏம்பா, ஒனக்கும் மண்ணுக்கும் பழக்கம் இருக்குதுன்னுதான் நம்பிக் குடுத்தேன். இனிமே இந்த வண்டி எம்பச்சையத் தொட வேணாம்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். மற்ற யூனிட்காரர்களும் அதையே சொன்னார்கள். வண்டி திரும்புகிறது என்பதை எல்லோரும் பார்த்தாகிவிட்டது. ஆனால் அதில் ஏற்றுவதற்கு ஒரு அகல்விளக்கைக் கொடுக்கக்கூட ஆள் இல்லை.

பெண்கள் இந்தத் தடவை வாயைத் திறந்தார்கள். "ஏண்டி அருக்காணி, நாளைக்கு நாத்து நட்டுடுவாரா அதுல?" அவள் பஞ்சைப் பிழிந்துகொண்டிருந்தாளாம்.

அந்த வாரமே அவள் தம்பி இளவழகன் திருப்பூரிலிருந்தே போன் போட்டு ஒரு ஆளை அனுப்பிவைத்தான். சேத்தியாத்தோப்புக்காரர், பழைய டிராக்டர், டிரெய்லர் வாங்கி விற்பவர். வந்தவர் டிரெய்லரைச் சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து, முன் சக்கரத்தைக் காலால் உதைத்துப் பார்த்தார்.

"எவன்யா இப்பிடிக் கட்டிவெச்சது? இதெல்லாம் பிரிச்சுட்டுத்தான் விக்கணும்."

கொளஞ்சிநாதன் வேப்பமரத்தில் சாய்ந்து நின்றார். அவர் சொன்னது வந்தவருக்கு அல்ல. அருக்காணிக்கும் சொன்னதாகத் தோன்றவில்லை. டிரெய்லரைப் பார்த்துத்தான் சொன்னார்.

"நெலத்தை அவங்க எடுத்துக்கிட்டாங்க. இதை நானே விக்கணுமா?"

அருக்காணி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. எழுந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "நீங்க போயிட்டு அடுத்த வாரம் வாங்க, அண்ணே," என்று அந்த ஆளை அனுப்பிவைத்தாள். திருப்பூருக்குப் போக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவள் அவள்தான். அந்த ஆள் போனதும் தேய்த்த பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள். நேராக வீரம்மாள் யூனிட்டுக்குப் போனாள்.

யூனிட்டின் பின்பக்கம் தேய்ந்துபோன பழைய அச்சுகளைக் கொட்டி வைத்திருப்பார்கள். உடைந்த பச்சையைக் கரைத்த கூழும் ஒரு தொட்டியில் கிடக்கும். "யக்கா, ஞாயித்துக்கெழம அந்தப் பழைய அச்சுல நான் கொஞ்சம் ஊத்திக்கட்டுமா?"

"எதுக்குடி?"

"எனக்குத்தான்."

வீரம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, என்னவோ செய்துகொள் என்று விட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அருக்காணி தனியாக அங்கே உட்கார்ந்து வார்த்தாள். அது செட்டியார் பொம்மை அச்சு. கொலுவில் கடை பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே, தொப்பையும் தலைப்பாகையுமாக, அவர். அச்சு தேய்ந்துபோனதால் எல்லாச் செட்டியாருக்கும் மூக்கு சப்பை. சீவி, நீவி, எங்கள் வீட்டு மாடியில் நிழலில் காயவைத்தாள். பெட்டியிலிருந்த வைக்கோலை அள்ளி எறிந்தாள். தகட்டைத் துணியால் துடைத்து, வெயிலில் திறந்துபோட்டு, கோணிச் சாக்குகளை அப்பளம் போலக் காயவைத்து விரித்தாள். இவ்வளவும் நடக்கும்போது கொளஞ்சிநாதன் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. சாக்கைப் பிடி என்றால் பிடித்தார்.

செட்டியார்கள் காய்ந்த பிறகு, ஒரு காலையில் வண்டியில் அடுக்கினாள். "எடுங்க," என்றாள்.

"எங்க?"

"சூளைக்கு."

"வேணாம், அருக்காணி. மறுபடியும் ஒடைஞ்சுடும்."

"வேற யாரும் பச்சை குடுக்கப் போறதில்ல. இது நான் குடுக்கறது. ஒடைஞ்சா என்னுது ஒடையுது. எடுங்க."

அவள் பெட்டியில் ஏறவில்லை. வண்டிக்குப் பின்னாலேயே நடந்தாள். நான் அவளுக்குப் பின்னால் நடந்தேன். வேடிக்கைக்குத்தான் கிளம்பினேன். தொட்டி முக்கு நெருங்க நெருங்க என்னையறியாமல் பிள்ளையாரைக் கும்பிட ஆரம்பித்தேன். சம்பந்தமில்லாத எனக்கே இப்படி என்றால் அந்த மனிதருக்கு எப்படி இருந்திருக்கும்? யூனிட்டுகளிலிருந்து பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். கேலிப்பேச்சு ஏதும் இல்லை. வண்டி ஒடிந்தது. முன் சக்கரம் சட்டத்துக்கு அடியில் பூனை மாதிரி நுழைந்து வெளியே வந்தது. ஒரு செட்டியாரும் அசையவில்லை.

சூளை வாசலில் குருமூர்த்தி விறகை நகர்த்திக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "யாரு பச்சை இது?"

"என்னுதுண்ணே," என்றாள் அருக்காணி.

"ஒனக்கு ஏது யூனிட்டு? நான் எப்படி அடுக்கறது? திருப்பி எடுத்துக்கிட்டுப் போ."

"எப்படிண்ணே திருப்பி எடுக்கறது? சூளைக்குக் கெளம்பின பச்சை பின்னுக்கு வரக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

குருமூர்த்தி கையிலிருந்த விறகைக் கீழே போட்டார். வண்டியைப் பார்த்தார், சூளையைப் பார்த்தார். திருப்பி அனுப்பினால் முறை கெடும். அதை அவரே கெடுத்ததாக ஆகும். முன்னால் போனால் முட்டும், பின்னால் வந்தால் உதைக்கும் என்ற கதைதான். கூடியிருந்த பெண்களில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். குருமூர்த்தி போனை எடுத்து வீரம்மாளைக் கூப்பிட்டார்.

வீரம்மாள் வேகமாக வந்தாள். பெட்டியின் ஓரத்தில் ஏறி, ஒரு செட்டியாரை எடுத்து, தலைகீழாகக் கவிழ்த்து, அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தினாள். இன்னொன்றை எடுத்து அழுத்தினாள். சாக்கைத் தூக்கித் தகட்டை உள்ளங்கையால் தடவினாள். பிறகு பொம்மையின் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னாடி இது, மூக்கையே காணோம்?"

"அச்சு ஒங்களுதுக்கா," என்றாள் அருக்காணி.

வீரம்மாளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தெருவே சிரித்தது. "குருமூர்த்தி, மூலையில எடம் இருந்தா இதுங்களையும் சொருகிடு. முறைன்னா முறைதான்," என்றபடி இறங்கினாள். சேலையை உதறிக்கொண்டு டிராக்டர் பக்கம் திரும்பினாள். கொளஞ்சிநாதன் இன்னும் ஸ்டியரிங்கை விடாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஏம்பா, நாளைக்குக் காலைல பச்சை எடுக்க வந்துடு. வைக்கோலு வேணாம், சாக்கே போடு. இந்தத் தடவ மட்டுமில்ல, இனிமே எல்லாத் தடவையும் நீதான்."

இன்று சூளைத் தெருவில் பச்சை என்றால் கொளஞ்சிநாதன் வண்டிதான். மற்ற யூனிட்டுகளும் அடுத்தடுத்து வந்துவிட்டன. இளவழகனுக்கு அன்று சாயங்காலமே அருக்காணி போன் போட்டு வரவில்லை என்று சொல்லிவிட்டாள். எல்லாம் பிறகு நடந்தவை. அந்த நேரத்தில் அவர் வீரம்மாளுக்கு "சரிக்கா" என்று சொல்லப் பார்த்தார். இன்ஜினை நிறுத்தினார். தலை மெல்லக் கவிழ்ந்து ஸ்டியரிங்கில் போய்ப் படிந்தது. முதுகு குலுங்க ஆரம்பித்தது.

சிரித்துக்கொண்டிருந்தவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அருக்காணி சட்டென்று அவர் பக்கம் போய் எங்களுக்கு மறைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னா பாக்கறீங்க எல்லாரும்? போங்க, போயி டீ குடிச்சுட்டு வாங்க." என்னைப் பார்த்தாள். "நீங்களுந்தான் அண்ணே."

போனோம். தொட்டித் தூண் வரைக்கும் வந்து நான் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். அவர் நிமிர முயன்றார், அவள் விடவில்லை. அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டு அவள் சொன்னது காதில் விழுந்தது.

"அழுவுங்க. நெலத்துல மிஷினு எறங்குன அன்னிக்கு ஊரே அழுதுச்சு, நீங்க ஒரு சொட்டு விடல. அதுக்கும் சேத்து இப்ப அழுதுடுங்க."